ஆயில் சீல் மட்டும் போதாது: லாரி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்துத் தொழில் செய்யும் உங்களுக்காகவே இந்த மடல். ஐம்பது வண்டி ஓட்டுகிற நிறுவனத்துக்குச் சொந்தப் பட்டறை உண்டு, மேற்பார்க்க ஆள் உண்டு. உங்களுக்கு எங்களைப் போன்ற பட்டறைக்காரர்கள்தான். ஹப் வேலையும் பிரேக் வேலையும் பார்த்துப் பிழைக்கிறவன் என்கிற உரிமையில் கேட்கிறேன்: பின்சக்கரத்தில் ஆயில் கசிந்தால், "சீல் மட்டும் மாத்தி அனுப்பிருங்க" என்று இனிமேல் சொல்லாதீர்கள்.

இப்போது நடப்பதை நினைத்துப் பாருங்கள். பொழுது சாயும் நேரத்தில் வண்டி பட்டறைக்குள் நுழைகிறது. விடிந்தால் லோடு. டிரைவர் இறங்குவதற்குள் உங்கள் போன் வந்துவிடுகிறது. சக்கரத்தைக் கழற்றி, பழைய சீலை நெம்பி எடுத்து, புதுச் சீலை அடித்து இறக்கி, ஆயிலில் ஊறிய லைனரைப் பெட்ரோல் விட்டுத் துடைத்து, ராத்திரி பத்து மணிக்கு வண்டி வெளியே போகிறது. சில வாரங்களில் அதே சக்கரம் மறுபடி நனைகிறது. "டூப்ளிகேட் சீலைப் போட்டுட்டான்" என்று சொல்லி வேறு பட்டறைக்குப் போகிறீர்கள். அவரும் அதையேதான் செய்கிறார், ஏனென்றால் அவரிடமும் அதையேதான் கேட்கிறீர்கள். மூன்று பட்டறை பார்த்த பிறகும், அந்தச் சக்கரம் ஏன் கசிகிறது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சீல் என்பது இரும்பு வளையத்தில் ஒட்டிய ஒரு ரப்பர் உதடு, அதை அழுத்திப் பிடிக்க ஒரு மெல்லிய ஸ்பிரிங். அவ்வளவுதான். சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 டிகிரி சூடு வரை தாங்கும். அதற்கு மேல் தொடர்ந்து காய்ந்தால் கெட்டியாகி வெடித்துவிடும். நல்ல சீல் சீக்கிரம் செத்துப்போனால் அதை ஏதோ ஒன்று கொன்றிருக்கிறது. அது வண்டியிலேயே இருக்கும்போது, புதுச் சீலை அதனிடமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

சக்கரத்தைக் கழற்றும் முன்பே பாதி விஷயம் வெளியில் தெரியும். அதைப் பார்க்கக் கால் மணி நேரம் கொடுங்கள். ஆக்சில் ஷாஃப்டின் முகத்தட்டிலிருந்து ரிம்மின் மேல் கோடு கோடாக ஆயில் தெறித்திருந்தால் அது ஹப் சீலே இல்லை. முகத்தட்டுக்கு அடியில் இருக்கும் பேக்கிங் போயிருக்கும், அல்லது ஸ்டட் தளர்ந்திருக்கும். சக்கரத்தை இறக்க வேண்டிய தேவைகூட இல்லை. உள்பக்க டயரின் உள்சுவரும் டிரம்மின் பின்விளிம்பும் நனைந்திருந்தால்தான் ஹப் சீல் என்று பேச வேண்டும். விரலால் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தக வாடையோடு நீர்த்திருந்தால் கிரவுன் ஆயில். கட்டியாக, வாடை இல்லாமல் இருந்தால் கிரீஸ். ஹப்பில் அளவுக்கு மேல் அடைத்ததாகவும் இருக்கலாம், பிரேக் கேம் புஷ்ஷுக்கு அளவு பார்க்காமல் அடித்த கிரீஸ் வழிந்ததாகவும் இருக்கலாம். கேம் புஷ் கிரீஸைப் பார்த்துவிட்டு ஹப்பைப் பிரிக்கச் சொன்ன உரிமையாளர்கள் உண்டு.

நம் ஊரில் ஓடும் பல வண்டிகளில் ஹப்புக்குள் கிரீஸ் அடைத்து, இரண்டு சீல் வைத்திருப்பார்கள். உள்பக்கச் சீல், கிரீஸ் டிரம்முக்குப் போகாமல் காக்கிறது. வெளிப்பக்கச் சீல், ஆக்சில் ஷாஃப்ட் வழியாக வரும் கிரவுன் ஆயில் கிரீஸோடு கலக்காமல் காக்கிறது. வெளிச்சீல் போனால் ஆயில் உள்ளே புகுந்து கிரீஸைக் கஞ்சியாக்கிவிடும். அந்தக் கஞ்சியை உள்சீல் எவ்வளவு நாள் தடுத்து நிறுத்தும்? நனைந்திருப்பது உள்பக்கம் என்பதால் உள்சீலை மட்டும் மாற்றினால் காசும் கூலியும் வீண். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பேருக்கு இரண்டாவது தடவை வரும் செலவு மிஞ்சும்.

ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா என்பது அடுத்த கேள்வி. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் நனைந்து, பினியன் சீலும் வியர்த்திருந்தால் சக்கரத்தின் மேல் கை வைக்காதீர்கள். அச்சு ஹவுசிங்கின் தலையில் இருக்கும் பிரீதரைப் பாருங்கள். வண்டி ஓடும்போது ஆயில் சூடாகிறது, அதன் மேலிருக்கும் காற்று விரிகிறது. அந்தக் காற்று வெளியேற இருக்கும் ஒரே வாசல் அந்தச் சின்ன மூடிதான். அது அடைத்துக்கொண்டால், அழுத்தம் எந்தச் சீல் பலவீனமோ அதைப் பிளந்துகொண்டு ஆயிலோடு வெளியேறும். ஓடி வந்த வண்டியின் நிரப்பும் பிளக்கை மெல்லத் தளர்த்தும்போது "உஸ்" என்று காற்றுச் சீறினால், குற்றவாளி அகப்பட்டுவிட்டான். கல்குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் ஓடுகிற வண்டிகளில் மண் அடைத்துக்கொள்ளும்.

மண்ணைவிட அதிகமாக பிரீதரை அடைப்பது பெயின்ட். இதை நான் சும்மா சொல்லவில்லை. வண்டிக்கு எட்டு வருஷம் ஆகும் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வருஷா வருஷம் எப்சி (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். எப்சிக்கு முதல் நாள் நீங்கள் என்ன செய்யச் சொல்கிறீர்கள்? பின் அச்சை டீசல் விட்டுக் கழுவி, ஹவுசிங் முழுக்கக் கறுப்புப் பெயின்ட் அடிக்கச் சொல்கிறீர்கள். அடிக்கிற பையன் பிரீதர் என்று தனியாகப் பார்ப்பதில்லை. கசிவை மறைக்க அடித்த பெயின்டே அடுத்த கசிவை உண்டாக்குகிறது. எப்சி என்பது அதிகாரிக்குக் காட்டுகிற சடங்காகிவிட்டது. வண்டியை நாமே உண்மையாகப் பார்ப்பதற்குக் கிடைக்கிற அந்த நாளையும் கழுவித் துடைத்து வீணாக்குகிறோம் என்பதில் எனக்கு மிகுந்த வருத்தம்.

ஆயில் மட்டமும் அப்படித்தான். "கொஞ்சம் கூட ஊத்துங்க, கிரவுனுக்கு நல்லது" என்பீர்கள். நல்லதல்ல. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஆறவிட்டு, பிளக் ஓட்டையின் கீழ்விளிம்பு வரை நின்றால் போதும். அதற்கு மேல் ஊற்றியது ஷாஃப்ட் வழியாக ஹப்பைத் தேடித்தான் போகும். சாய்வான இடத்தில் ராத்திரி முழுக்க நிறுத்துகிற பழக்கமுள்ள வண்டியில் பள்ளத்துப் பக்கச் சக்கரம் மட்டும் நனையும். அதையும் டிரைவரிடம் கேட்டால்தான் தெரியும். மழைக்காலத்தில் சூடான அச்சோடு வெள்ளத்தில் இறங்கிய வண்டி, பிரீதர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிளக்கைத் திறந்தால் ஆயில் பால் கலந்ததுபோல வெளுத்திருக்கும். அந்த ஆயிலை வைத்துக்கொண்டு சீலைப் பற்றிப் பேசுவதே வீண்.

ஒரு பக்கம் மட்டும் திரும்பத் திரும்பக் கசிந்தால் விஷயம் ஹப்புக்குள் இருக்கிறது. அங்கே நமக்குச் சாட்சி சொல்லக் கூடியது, நாம் குப்பையில் எறிகிற பழைய சீல். அதை எறியவிடாதீர்கள். துடைத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். உதடு கெட்டியாகி வெடித்திருந்தால் சூடு: பிரேக் பிடித்தபடியே ஓடியிருக்கும், அல்லது பேரிங்கை இறுக்கி வைத்திருப்பார்கள். உதடு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சீல் கோணலாக உட்கார்ந்திருக்கும், அல்லது பேரிங் ஆட்டம் கண்டு ஹப் தள்ளாடியிருக்கும். உதட்டில் வெட்டு இருந்தால் மாட்டும்போது மரையில் உரசியிருக்கிறது. ஸ்பிரிங் கழன்று கிடந்தால் அது சுத்தியல் செய்த வேலை. ரப்பர் ஊதிப் பொதபொதவென்று இருந்தால் அதற்கு ஒவ்வாத எண்ணெய் பட்டிருக்கிறது. மாட்டிய மறுநாளே கசிந்ததா, பல மாதம் தாங்கிப் பிறகு கசிந்ததா என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மறுநாளே என்றால் மாட்டியதில் பிழை. மாதக்கணக்கில் தாங்கியிருந்தால் தேய்மானம். இந்தச் சாட்சியை வாங்காமல் புதுச் சீல் மாட்டுகிற மெக்கானிக்கை நீங்கள் கேள்வி கேட்கலாம். கேட்க வேண்டும். எங்களையும்தான்.

சீல் உட்காரும் இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் உரசி உரசி அங்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். நகம் தட்டினால், எந்தக் கம்பெனிச் சீலும் அங்கே நிற்காது. சீல் உட்காரும் அந்த வளையத்தை மாற்ற வேண்டும். எமரித்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆயிலுக்கு வழி இன்னும் அகலமாகும். அளவுக்கு மீறிய லோடில் ஹவுசிங் முனையே லேசாக வளைந்துபோன வண்டிகளும் இருக்கின்றன. அதில் ஒரே சக்கரத்தில் வருஷம் முழுக்கச் சீல் மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

பேரிங் ஆட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சீல் சாவதற்கு நான் காணும் முதல் காரணம் இதுதான். கூம்பு பேரிங்குகள் இரண்டின் மேல் நிற்கும் ஹப்புக்கு நூலிழை ஆட்டம் வேண்டும்; கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. கனரக வண்டிகளின் ஹப்புக்கு 0.025 மில்லிமீட்டர் முதல் 0.125 மில்லிமீட்டர் வரை என்கிற கணக்கு அமெரிக்கப் பட்டறைகளில் பரவலாக இருக்கிறது. நம் வண்டிக்கு எவ்வளவு என்பது அந்தந்தக் கம்பெனி கையேட்டில் இருக்கும். எந்தக் கணக்கானாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக் கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்ல எந்த மனிதனாலும் முடியாது. ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு சொன்ன அளவு தளர்த்தி, பூட்டி, அதற்கு மேல் டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போதே அளவு மாறிவிடும் என்பதால் கடைசியாகப் பார்ப்பதுதான் கணக்கு. நேரம் பிடிக்கிற வேலை. போனில் நீங்கள் அவசரப்படுத்தும்போது முதலில் விட்டுப்போவது இதுதான்.

மாட்டுவதிலும் அவசரம் தன் வேலையைக் காட்டும். டிரம்மும் ஹப்பும் சேர்ந்த கனத்தை இரண்டு ஆள் தூக்கி அச்சில் ஏற்றும்போது, ஒரு கணம் அவ்வளவு பாரமும் அந்த ரப்பர் உதட்டின் மேல் உட்கார்ந்துவிடுகிறது. சக்கரத் தள்ளுவண்டியில் வைத்து மட்டம் பார்த்து நேராக உள்ளே தள்ளினால் இது நேராது. சீல் இறங்குகிற குழியைப் பழைய பேஸ்ட் இல்லாமல் சுத்தம் செய்து, சீலின் முழு வட்டத்தையும் ஒரே சீராக அழுத்துகிற வளையத்தை வைத்துத் தட்ட வேண்டும். விளிம்பில் சுத்தியலால் சுற்றிச் சுற்றி அடிக்கக் கூடாது. புதிதாக வந்த வண்டிகளில் ஹப்பின் உள்பக்கம் ஏபிஎஸ் வளையமும் சென்சாரும் இருக்கின்றன, அடி அவற்றுக்கும் ஆகாது. உங்கள் பட்டறையில் தள்ளுவண்டியும் அழுத்து வளையமும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லை என்றால் வாங்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் நாங்கள் வாங்குவோம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆயிலுக்கும் காசுக்கும் ஆன நஷ்டம். இனிச் சொல்லப்போவது உயிருக்கு.

2018ஆம் ஆண்டு மத்திய அரசு திருத்திய எடைக் கணக்கில் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 18.5 டன். அதில் 11.5 டன் பின் அச்சின் மேல். லோடு ஏறிய வண்டியை நிறுத்துகிற பொறுப்பில் பாதிக்கு மேல் பின்பக்க டிரம் இரண்டையும் சார்ந்தது என்று இதற்குப் பொருள். அதில் ஒன்றில் ஆயில் ஊறிவிட்டால், அந்தப் பக்கம் வழுக்குகிறது, மறுபக்கம் இரண்டு பேர் வேலையை ஒருவனாகச் செய்கிறது. சமவெளியில் வண்டி லேசாக ஒரு பக்கம் இழுக்கும், டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்துச் சமாளித்துவிடுவார். பெங்களூர், ஓசூர் பக்கமிருந்து வந்து தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது சமாளிக்க முடியாது. பின்னால் வேலை செய்கிற ஒரே டிரம் 300 டிகிரி வரை காய்ந்து அதன் லைனரும் பிடி தளர்ந்துவிடும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு இறங்குகிறவருக்கும் இதே கதிதான். அதோடு, ஊறிய ஆயில் அந்தச் சூட்டில் பற்றிக்கொள்ளவும் கூடும். ஹப்பில் ஆயில் வற்றி, பேரிங் எரிந்து, சக்கரமே கழன்று ஓடுவதும் நடக்கிறது.

விபத்து நடந்த பிறகு எல்லோரும் "டிரைவர் நியூட்ரலில் இறக்கியிருப்பான்" என்கிறார்கள். சில நேரம் அது உண்மை. கணவாயில் கியரில் இறங்க வேண்டும், எக்ஸாஸ்ட் பிரேக் போட வேண்டும், இதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் செத்துப்போன டிரைவரால் தன் பின்சக்கரத்து லைனர் எந்த நிலையில் இருந்தது என்று எழுந்து வந்து சொல்ல முடியாது. "அண்ணா, இடப்பக்கம் நனையுதுங்க, வண்டி வலப்பக்கம் இழுக்குதுங்க" என்று அவர் உங்களுக்குப் போன் செய்திருந்தார் என்பதும், "அடுத்த டிரிப்புல பாத்துக்கலாம் தம்பி" என்று நீங்கள் சொன்னீர்கள் என்பதும் எந்தப் போலீஸ் அறிக்கையிலும் வருவதில்லை.

ஆயிலில் ஊறிய லைனரைக் காப்பாற்ற வழியில்லை. இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பெட்ரோல் விட்டுக் கழுவினாலும், தீயில் வாட்டினாலும், மணல் போட்டுத் தேய்த்தாலும் மேல்பரப்புதான் காயும். உள்ளே ஊறியது அடுத்த இறக்கத்தில் சூடு ஏறியதும் மறுபடி மேலே வரும். வாட்டும்போது லைனரைப் பிடித்திருக்கும் பொருளும் கெட்டுவிடும். புது லைனர்தான் அடிக்க வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் இழுப்பு நிற்காது. டிரம்மையும் சோப்பு நீரிலோ பிரேக் கிளீனரிலோ ஆயில் வாடை போகும்வரை கழுவ வேண்டும். பழைய லைனர்த் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடச் சொல்லாதீர்கள், அது எங்கள் பையன்களின் நெஞ்சுக்குள் போகிறது.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியாததல்ல. மாதத் தவணை, காலாண்டு வரி, இன்சூரன்ஸ், டோல், டீசல் எல்லாம் போக மிஞ்சுவது என்ன என்று உங்களில் பலர் என் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். ஒரு நாள் வண்டி நின்றால் அந்த நாளின் தவணை நிற்காது. அதனால்தான் சில நூறு ரூபாய் சீலோடு முடித்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள். ஆனால் அந்தச் சில நூறை ஒரு வருஷத்தில் எத்தனை தடவை கொடுக்கிறீர்கள், ஒவ்வொரு தடவையும் எத்தனை மணி நேரம் வண்டி நிற்கிறது, ஒழுகிப்போன ஆயில் எவ்வளவு, பாதியில் வீணான லைனர் எத்தனை செட் என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். ஒரு முழு நாள் நிறுத்தி, காரணத்தைக் கண்டுபிடித்து, தேவையானதை எல்லாம் ஒரே தடவையில் மாற்றுவது மலிவு என்று உங்கள் கையெழுத்தே சொல்லும்.

எங்கள் தரப்பிலும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஹப் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறீர்கள். கழற்றி மாட்டுவதற்குத்தான் அந்தக் கூலி. பிரீதரைக் கழற்றி ஊதிப் பார்த்தவனுக்கும், பழைய சீலை வெளிச்சத்தில் வைத்துப் படித்தவனுக்கும், டயல் கேஜோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டியவனுக்கும் தனியாக ஒரு பைசா இல்லை. அப்படி இருக்கும்போது வேகமாக அடித்து அனுப்புகிறவன் நல்ல மெக்கானிக்காகவும், நிறுத்திப் பார்க்கிறவன் வேலை இழுக்கிறவனாகவும் ஆகிவிடுகிறான். கற்றுக்கொள்ள வருகிற பையன்களும் அடித்து அனுப்பவே கற்றுக்கொள்கிறார்கள். பார்ப்பதற்கு ஒரு கூலி போடுங்கள். சிறிய தொகை போதும். அதைக் கொடுத்த பிறகு "என்ன கண்டுபிடிச்சீங்க?" என்று கணக்குக் கேட்கிற உரிமை உங்களுக்கு முழுதாக வந்துவிடும், பதில் சொல்லாமல் நழுவ எங்களாலும் முடியாது.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இதுதான். டிரைவர் "சக்கரம் நனையுதுங்க" என்று சொன்ன நாளிலேயே அடுத்த லோடை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். மலை இறங்க வேண்டிய லோடாக இருந்தால் ஒப்புக்கொள்ளவே வேண்டாம். பட்டறைக்கு வந்ததும் காரணம் தெரியாமல் சீல் மாற்றக் கூடாது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஊறிய லைனர் திரும்ப ஏறக் கூடாது என்றும், பழைய சீலைக் கையில் வாங்காமல் காசு தர மாட்டேன் என்றும் சொல்லுங்கள். என்ன கண்டோம், எதை மாற்றினோம், கிலோமீட்டர் எவ்வளவு என்று வண்டியில் ஒரு நோட்டில் எழுதி எங்களிடம் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த தடவை எந்தப் பட்டறையில் நின்றாலும் அந்த நோட்டைக் காட்டி அங்கிருந்து தொடங்கலாம். வேலை முடிந்து போகும் வண்டியை நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு ஓரமாக நிறுத்தி, நான்கு ஹப்பையும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

இந்த வாரமே ஒரு வண்டியில் தொடங்குங்கள். தொப்பூர் வழியாக ஓடுகிற வண்டி இருந்தால் அதுவே முதலில் வரட்டும். முந்தின நாள் இரவே கொண்டுவந்து சமதளத்தில் நிறுத்திவிட்டுப் போங்கள், காலையில் அச்சு ஆறியிருந்தால்தான் ஆயில் மட்டம் சரியாகத் தெரியும். பின் அச்சைக் கழுவாமல் அப்படியே கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகளுக்கு ஹப் வேலை பார்க்கும் ஒருவன்,
நாமக்கல்.